பரங்கிக்காய்க்கும் பிரான்ஸுக்கும் என்ன உறவு?

இந்த எபிசோடை ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம்.

சென்னையில இருக்கிறவங்களுக்குப் பரங்கிமலை தெரியும். மெட்ரோ பச்சை லைன் முடியிற இடம். கடலூர், சிதம்பரம் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பரங்கிப்பேட்டை தெரியும். சாம்பார்ல மிதக்கிற பரங்கிக்காய் அநேகமா எல்லாருக்கும் தெரியும். நாட்டு மருந்துக் கடைக்குப் போனா பரங்கிப்பட்டைன்னு ஒரு வேர் கிடைக்கும். ஒரு மலை, ஒரு ஊர், ஒரு காய், ஒரு வேர். இந்த நாலுக்கும் பொதுவா இருக்கிற அந்தப் ‘பரங்கி’ யாரு?

ஒரு வரியில பதில் சொல்லிடலாம்: ஐரோப்பாக்காரன், அதிலும் குறிப்பா போர்த்துக்கீசியன். ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால ஒரு ஜெர்மானியப் பழங்குடி, சிலுவைப் போர்கள், அரபு வணிகர்கள், மதுரையில ஒரு இத்தாலிய சாமியார், மார்கழி மாசக் கோலம் எல்லாம் இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம்.

மூணு பேர் உள்ள ஊர்

நான் அண்ணாமலை நகர்ல இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துல பரங்கிப்பேட்டை என்கிற பேரைக் கேட்காத வாரம் இல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருப்பது அங்கேதான். சிதம்பரத்துல இருந்து கடலூர் போற ரோட்டுல, பி.முட்லூர்ல கிழக்குப் பக்கம் திரும்பினா கொஞ்ச நேரத்துல வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்துக்கு வந்துடலாம். அதுதான் பரங்கிப்பேட்டை.

இந்த ஊருக்கு வரலாற்றில் மூன்று பெயர்கள் உண்டு. போர்த்துக்கீசியர் வைத்தது ‘போர்ட்டோ நோவோ’, அதாவது புதுத் துறைமுகம். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டின் தலைநகரத்துக்கும் இதே பெயர்தான். போன இடமெல்லாம் ஒரே பெயரை காப்பி பேஸ்ட் பண்ணியிருக்காங்க. முஸ்லிம் ஆட்சியாளர்களின் ஆவணங்களில் இது ‘மஹ்மூது பந்தர்’. பந்தர் என்றால் பாரசீகத்தில் துறைமுகம். தமிழில் பரங்கிப்பேட்டை. பேட்டை என்றால் வணிகம் நடக்கும் குடியிருப்பு.

மூன்றையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. போர்த்துக்கீசியர் தாங்கள் வந்து இறங்கிய இடத்தைப் பேராக்கினாங்க. ஆட்சியாளர்கள் தங்கள் தரப்புப் பேரை வெச்சாங்க. உள்ளூர் ஜனங்க மட்டும்தான் அங்கே யார் குடியிருக்காங்கன்னு பார்த்துப் பேர் வெச்சாங்க. 1781 ஜூலை 1-ஆம் தேதி அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் ஹைதர் அலியின் படையும் மோதிய போரை ஆங்கில வரலாறு ‘போர்ட்டோ நோவோ போர்’ என்றுதான் எழுதியது. ஆனா பஸ் போர்டுல, ரேஷன் கார்டுல, பேச்சுல நிலைச்சது தமிழ்ப் பேர்தான்.

பிராங்க் எப்படிப் பரங்கி ஆனான்?

இப்ப கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். ரோமப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்தில் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஜெர்மானியக் குழுக்கள் சிலவற்றுக்கு ‘பிராங்க்’ என்று பெயர். அவர்கள் மேற்கே நகர்ந்து பிடித்த நாட்டுக்குத்தான் பிரான்ஸ் என்று பெயர் வந்தது. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரமும் இவர்கள் பெயரைச் சுமக்கிறது. ஒளிவுமறைவு இல்லாமல் பேசுபவரை ஆங்கிலத்தில் ‘பிராங்க்’ என்கிறோமே, அதுவும் இதே குடும்பம்தான். பிராங்குகள் ஆண்ட நாட்டில் அவர்களே சுதந்திரமான குடிகள் என்பதால் அந்த இனப்பெயருக்கே ‘கட்டுப்பாடற்ற’ என்ற பொருள் வந்து சேர்ந்தது.

800-ஆம் ஆண்டில் பிராங்க் அரசன் சார்லமேன் ரோமில் பேரரசனாக முடிசூட்டப்பட்டான். கிழக்கிலிருந்து பார்த்த அரபு உலகத்துக்கு மேற்கு ஐரோப்பா என்றாலே பிராங்குகள் நாடு. 9-ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியல் நூல்களிலேயே ‘இஃப்ரஞ்சா’ என்ற நாட்டுப் பெயர் வந்துவிட்டது. பிறகு சிலுவைப் போர்கள். 1099-இல் ஜெருசலேமைப் பிடித்த படையில் பிரெஞ்சு பேசியவர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் நார்மன்கள், இத்தாலியர்கள், ஜெர்மானியர்கள் எனப் பலரும் இருந்தார்கள். அரபுக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே பெட்டியில் போட்டு ‘இஃப்ரஞ்ச்’ என்று லேபிள் ஒட்டினார்கள். பாரசீகத்தில் ஐரோப்பா ‘ஃபரங்’, ஐரோப்பியன் ‘ஃபரங்கி’.

இந்த மாதிரிப் பேர் வைக்கிறது எல்லா மொழியிலும் நடக்கும். முதல்ல எதிர்ப்பட்ட குழுவோட பேர், பிறகு அந்தத் திசையில இருந்து வர்ற எல்லாருக்கும் பேராயிடும். சங்க இலக்கியத்தில் வரும் யவனர், ஆதியில் அயோனியர், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் வாழ்ந்த கிரேக்கர்கள். தமிழில் ரோமர்களையும் அதே பெயரில்தான் அழைத்தோம். துருக்கியரைக் குறித்த ‘துலுக்கர்’ என்ற சொல், துருக்கியைக் கண்ணால் பார்க்காத முஸ்லிம்கள் மேலும் ஒட்டப்பட்டது. இன்னிக்கு அதை வசவாப் பயன்படுத்துறவங்களும் இருக்காங்க. இதை மனசுல வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

சரி, ஃபரங்கி தமிழுக்கு எப்படி வந்தான்? கொரமண்டல் கரையிலும் மலபார்க் கரையிலும் அரபு, பாரசீக வணிகர்கள் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தபோது, அவர் கரைக்கு அனுப்பிய ஆளை எதிர்கொண்டவர்கள் துனிசியாவைச் சேர்ந்த இரண்டு பேர். அவர்களுக்கு ஐரோப்பிய மொழிகள் பேச வந்தது. வரவேற்பே திட்டோடதான் ஆரம்பிச்சது. அதாவது, துறைமுகத்துல இருந்த சிலருக்காவது வந்திருக்கிறது யாருன்னு நல்லாத் தெரியும். அவங்களுக்கு ஒரு பேரும் தயாரா இருந்தது.

ஒலி மாறுன விதம்

தமிழ்ல சொல்லோட தொடக்கத்துல ‘ஃப’ ஒலி கிடையாது. ‘ஃபோன்’ பேச்சுல ‘போன்’ ஆகுது. ‘காஃபி’ ‘காப்பி’ ஆகுது. அதே விதிப்படி ஃபரங்கி, பரங்கி. கூடுதலா ஒண்ணு. ‘பிரா’ மாதிரி மெய்யெழுத்து இரண்டு சேர்ந்து தொடங்கும் சொல்லைத் தமிழ் நாக்கு பிரித்துத்தான் உச்சரிக்கும். ஆனா இந்த வேலை தமிழுக்கு மிச்சமே இல்ல. அரபும் பாரசீகமும் ஏற்கெனவே பிரித்து ‘ஃபரங்’ ஆக்கி அனுப்பிட்டாங்க. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘பரங்கி’ என்று இடையின ர போட்டு எழுதுகிறோம். இலங்கையில் ‘பறங்கி’ என்று வல்லின ற. ரெண்டும் ஒரே சொல்தான்.

1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இந்தக் குடும்பத்தை ஒரே பதிவில் சேர்த்து வைத்திருக்கிறது: பாரசீக ஃபரங்கி, தமிழ்ப் பரங்கி, சீனத்து ஃபோலாங்ஜி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

வேற விளக்கம் இருக்கே?

இருக்கு. பரங்கிமலைக்கு ஒரு தலபுராணம் உண்டு. பிருங்கி முனிவர் அங்கே தவம் செய்ததால் அது ‘பிருங்கி மலை’. அதுவே பேச்சில் பரங்கிமலை ஆனது என்பார்கள். கேட்க அழகா இருக்கு. கோயிலுக்குப் போறவங்க நம்பிக்கையில நான் கை வைக்கல. ஆனா சொல்லோட வரலாறு என்கிற முறையில இதைச் சோதிக்கணும் இல்லையா?

நாங்க கோடு எழுதும்போது ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஃபிக்ஸ் ஒரே ஒரு டெஸ்ட் கேஸ்ல பாஸ் ஆனா அதை நம்ப மாட்டோம். மத்த கேஸ்லயும் ஓட்டிப் பார்ப்போம். பிருங்கி முனிவர் மலையை விளக்கிடுவார். பரங்கிப்பேட்டையை? பரங்கிக்காயை? பரங்கிப்பட்டையை? அங்கெல்லாம் அவர் வர மாட்டார். போர்த்துக்கீசியர் என்று வைத்துப் பாருங்கள். மயிலாப்பூரில் குடியேறிய அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அந்த மலைமேல் தேவாலயம் கட்டினார்கள். வெள்ளாற்று முகத்தில் வணிகம் செய்தார்கள். அந்தக் காய் அமெரிக்காவிலிருந்து அவர்கள் கப்பல் வழியே வந்தது. எல்லா கேஸும் பாஸ்.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ‘பரங்’னு எங்க பார்த்தாலும் போர்த்துக்கீசியரைக் கூப்பிடக் கூடாது. திருப்பரங்குன்றத்துல அதே மூணு எழுத்து இருக்கு. ஆனால் பரங்குன்றம் சங்க இலக்கியத்திலேயே முருகனின் மலை. வாஸ்கோ ட காமாவுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல மூத்தது. ஆக, சொல்லாராய்ச்சியில ஒலி ஒற்றுமை சும்மா ஒரு சந்தேகம்தான். முதல்ல கேட்க வேண்டியது: அந்தச் சொல் எந்தக் காலத்துல, எதுமேல ஒட்டியிருந்தது?

மார்கழிக் கோலத்துல அமெரிக்கப் பூ

இப்ப பொருள்களுக்கு வருவோம். முதல்ல காய்.

பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-இல் அங்கே போவதற்கு முன் நம்மிடம் அது இல்லை. நம்மிடம் இருந்தது சாம்பல் பூசிய வெள்ளைப் பூசணி. புதிய காய் வந்தபோது சில ஊர்கள் பழைய பேரையே நீட்டி ‘மஞ்சள் பூசணி’, ‘சர்க்கரைப் பூசணி’ என்றன. கொங்கு நாட்டில் ‘அரசாணிக்காய்’. நம்ம பக்கம், டெல்டா பக்கம், கொண்டுவந்தவன் பேரையே வெச்சுட்டாங்க.

சிதம்பரத்துல ஆருத்ரா தரிசனத்தன்னிக்குத் திருவாதிரைக் களி செய்வாங்க. அதுக்குத் தொட்டுக்க நாட்டுக் காய்கள் போட்டு ஒரு குழம்பு. முட்டைகோஸ், பீன்ஸ் மாதிரி ‘இங்கிலீஷ் காய்’ சேர்க்கவே கூடாதுன்னு கறாரா இருக்கிற வீட்டுலயும் அந்தக் குழம்புல பரங்கிக்காய் இருக்கும். பேரிலேயே ‘வெளிநாட்டான்’ என்று எழுதி ஒட்டியிருக்கிற காய், நாட்டுக் காய் பட்டியல்ல! அதே மார்கழியில வாசல் கோலத்து நடுவுல சாணிப் பிள்ளையார் மேல செருகி வைக்கிற மஞ்சள் பூவும் இந்தக் கொடியோட பூதான். மார்கழின்னதும் மனசுல வர்ற முதல் படமே அமெரிக்கப் பூ, பிராங்க் பேர்.

அடுத்தது முந்திரி. கடலூர் மாவட்டத்துக்காரங்க பண்ருட்டி முந்திரின்னு பெருமையாச் சொல்லிக்குவோம். முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். தமிழ் அதை மறந்துவிட்டது, மலையாளம் மறக்கவில்லை. அங்கே முந்திரி மரம் ‘பறங்கிமாவு’, கொட்டை ‘பறங்கியண்டி’. பரங்கி மாமரம், பரங்கிக் கொட்டை!

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. ஈரானில் தக்காளிக்கு ‘கோஜே ஃபரங்கி’, அதாவது பரங்கிப் பிளம். ஸ்ட்ராபெர்ரி ‘தூத் ஃபரங்கி’, பரங்கி முசுக்கொட்டை. தாய்லாந்தில் வெள்ளைக்காரர்களை ‘ஃபரங்’ என்பார்கள். கொய்யாப்பழத்துக்கும் அதே சொல்தான். உருளைக்கிழங்கு ‘மன் ஃபரங்’. பாங்காக் போனீங்கன்னா தெருவுல ஃபரங் ஃபரங்கைச் சாப்பிட்டுக்கிட்டே போறதைப் பார்க்கலாம். நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற பினாங்கிலும் ‘பத்து ஃபெரிங்கி’ன்னு ஒரு கடற்கரை இருக்கு. பத்து என்றால் மலாயில் பாறை, பரங்கிப் பாறை. எத்தியோப்பியாவில் ‘ஃபெரெஞ்ச்’. ஸ்டார் டிரெக்ல வர்ற ‘ஃபெரெங்கி’ என்கிற வியாபார இனத்தோட பேருக்கும் இதுதான் மூலம்.

சொல் முன்னால ஒட்டுற இந்த அடைமொழி ஒரு டைம்ஸ்டாம்ப் மாதிரி. ‘பரங்கி’ன்னு இருந்தா போர்த்துக்கீசியர் கடலை ஆண்ட காலத்து வரவு. பிறகு ஆங்கிலேயர் காலத்தில் வெளிநாட்டுச் சரக்குக்குச் ‘சீமை’ வந்தது: சீமைக்கருவேலம், சீமைச் சரக்கு. நம்ம பாட்டி சொல்ற சீமெண்ணெய், சீமை எண்ணெய்தான். அதுக்கும் பிறகு ‘இங்கிலீஷ் காய்’, ‘இங்கிலீஷ் மருந்து’. தோராயமான கணக்குதான், ஆனா ஒரு அடுக்களையில மூணு அடுக்கு வரலாறு தெரியுது.

நோய், வேர், வெடி

கப்பல்ல காய் மட்டும் வரல. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஐரோப்பாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் வெடித்தது 1495-இல், நேப்பிள்ஸில். மூன்று வருடம் கழித்து வாஸ்கோ ட காமா இந்தியாவில். 16-ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசத்தில் ‘பிரங்க ரோகம்’ என்றே ஒரு நோய் இடம்பெற்றுவிட்டது. தமிழில் பரங்கிப்புண், பரங்கி வியாதி. ஐரோப்பாவிலும் இதே விளையாட்டுதான்: இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நோய்க்கு எப்பவுமே பக்கத்து வீட்டுக்காரன் பேர்தான். கொரோனா காலத்துல இதை நாமளே நேர்ல பார்த்தோம்.

இலங்கையில் ‘பரங்கி’ என்பது வேறொரு தோல்நோயைக் குறித்தது. ஆங்கிலத்தில் யாஸ் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவ அறிக்கைகளிலேயே அது ‘பரங்கி நோய்’ என்று பதிவாகியிருக்கிறது. 1905-இல் கொழும்பில் ஆல்டோ காஸ்டெல்லானி அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமிக்கு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்ல. ஆனா பேர் மட்டும் ஒரு சமூகத்து மேல ஒட்டிக்கிட்டே இருந்தது.

நோய்க்கு மருந்தாக வந்ததுதான் பரங்கிப்பட்டை. தாவரவியலில் ஸ்மைலாக்ஸ் சைனா. பேர்ல பரங்கி இருந்தாலும் ஊர் சீனா. போர்த்துக்கீசியக் கப்பல்கள் அதை கோவாவுக்குக் கொண்டுவந்தன. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சீன வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். கொண்டுவந்தவன் பரங்கி, தீர்க்க வேண்டிய நோயும் பரங்கி. வேருக்கு அந்தப் பெயர் வர இரண்டு காரணமும் பொருந்தும். சித்த மருத்துவத்தில் பரங்கிப்பட்டைச் சூரணம் இன்றைக்கும் தோல் நோய்களுக்குக் கொடுக்கப்படுகிறது. ஆக, நம்ம பாரம்பரிய மருந்துப் பெட்டியிலும் பரங்கி உண்டு.

கடைசியா வெடி. ‘பீரங்கி’ என்ற சொல்லும் இதே ஃபிரங்கியிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் ‘ஃபிரங்கி’ என்ற பெயரில் ஒரு வகைப் பீரங்கியைக் குறிப்பிடுகிறார். சீன மொழியில் ‘ஃபோலாங்ஜி’ என்றால் போர்த்துக்கீசியன் என்றும் பொருள், அவன் கொண்டுவந்த பீரங்கி என்றும் பொருள். ஆளுக்கும் ஆயுதத்துக்கும் ஒரே பேர். வந்தவங்க எப்படி அறிமுகமானாங்கன்னு இதுலயே புரியுது.

“நான் பரங்கி இல்லை”

இதுவரைக்கும் பொருள்களைப் பார்த்தோம். மனுஷங்க மேல இந்தச் சொல் ஒட்டினப்ப என்ன ஆச்சு? இந்த எபிசோடுல எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

1606-ஆம் ஆண்டு நவம்பரில் ரொபெர்த்தோ தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசுசபைத் துறவி மதுரைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 29. அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் பல வருடங்களாக இருந்தார். முன்னாள் படைவீரர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோன பரதவக் கிறித்தவர்களுக்காக ஒரு கோயிலும் சின்ன மருத்துவமனையும் நடத்தினார். உள்ளூர் மேல்சாதிக்காரர்கள் யாரும் அவரிடம் மதம் மாறவில்லை.

ஏன்னு தெ நொபிலி பார்த்தார். காரணம் ஒரே சொல்: பரங்கி. மதுரையில் அந்தச் சொல்லுக்கு ஐரோப்பியன் என்று மட்டும் பொருள் இல்லை. மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், சுத்தமில்லாதவன், ‘தீண்டத்தகாத’வர்களோடு பழகுபவன் என்று பொருள். கிறித்தவராவதைப் ‘பரங்கிக் குலத்தில் சேர்வது’ என்றே சொன்னார்கள். ஞானஸ்நானம் கேட்கும்போதுகூட ‘பரங்கி மார்க்கத்தில் சேரச் சம்மதமா’ என்ற பாணியில்தான் கேள்வி இருந்தது. கேட்டவங்க அதை மதத்தோட பேர்னு நினைச்சாங்க. கேட்கப்பட்டவங்களுக்கு அது ஒரு சாதியோட பேரா, இழிவான பேரா கேட்டது.

தெ நொபிலி அந்தச் சொல்லிலிருந்து வெளியேற முடிவு செய்தார். காவி உடுத்தினார், புலால் விட்டார், பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொண்டார், பெர்னாண்டஸிடமிருந்து தனியே குடியிருந்தார். தமிழும் சம்ஸ்கிருதமும் கற்றார். தமிழில் அவர் பெயர் தத்துவ போதகர். தான் பரங்கி இல்லை, பரங்கி நாட்டில் பிறந்தவனும் இல்லை என்று ஓலையில் எழுதி அறிவித்தார். ஒரு வகையில அது உண்மை: பரங்கின்னா போர்த்துக்கீசியன், இவர் இத்தாலிக்காரர். ஆனா அரபுக்காரன் கணக்குல இவரும் பரங்கியேதான்!

பெர்னாண்டஸ் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619-இல் கோவாவில் மாநாடு கூட்டி விசாரித்தார்கள். கடைசியில் 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி, தெ நொபிலியின் முறைகளைப் பெருமளவுக்கு அனுமதித்து ஆணையிட்டார். மொழிபெயர்ப்புல விழுந்த ஒரு சொல்லால கிளம்பின சண்டை ரோம் வரைக்கும் போய் முடிஞ்சது.

தெ நொபிலியைத் தமிழ் உரைநடைக்காகப் பாராட்டுறோம், பாராட்டணும். ஆனா அவர் ஓலையை நான் இன்னொரு பக்கத்துல இருந்தும் படிக்கிறேன். ‘பரங்கி என்பது இழிவு’ என்கிற எண்ணத்தை அவர் கேள்வி கேட்கல. ‘அந்த இழிவு எனக்கு இல்லை’ன்னு மட்டும்தான் சொன்னார். அவர் வெளியே வந்துட்டார். பெர்னாண்டஸ் கோயிலுக்கு வந்த பரதவர்கள் அந்தச் சொல்லுக்குள்ளயே நின்னாங்க. சாதியால ஒருத்தரைத் தள்ளி வைக்க ஊருக்கு ஒரு புதுச் சொல் கிடைச்சது. அதுக்குப் பிராங்க் பழங்குடியும் காரணம் இல்ல, போர்த்துக்கீசியரும் முழுக் காரணம் இல்ல. அந்த வேலையைச் செஞ்சது இங்க ஏற்கெனவே இருந்த ஏணிதான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசியர் இலங்கைக்குப் போனார்கள். 1619-இல் யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் விழுந்தது. அங்கே சிங்களத்தில் ஒரு சொலவடை உண்டு: ‘பரங்கி கோட்டைக்குப் போன மாதிரி’. கொழும்பில் இறங்கியவர்களைப் பக்கத்திலேயே இருக்கும் கோட்டே தலைநகருக்கு நேர்வழியில் கூட்டிப்போகாமல் மூன்று நாள் சுற்றவிட்டார்கள் என்பது கதை. ஓலா டிரைவர் சுத்தி ஓட்டினா நாம சொல்றதுக்கு ஒரு பழமொழி கிடைச்சாச்சு.

இலங்கையில் ஐரோப்பிய வழி வந்த கலப்புச் சமூகத்தை ஆங்கிலத்தில் பர்கர் என்பார்கள், தமிழில் ‘பறங்கியர்’. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அதுதான் பெயர். மட்டக்களப்பில் போர்த்துக்கீசியக் கிரியோல் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் உண்டு. மதுரையில வசவா இருந்த சொல் அங்கே ஒரு சமூகத்தோட சாதாரணப் பேரா நிக்குது. இங்கே தமிழ்நாட்டில் அது போர்த்துக்கீசியரைத் தாண்டி ஆங்கிலேயர் மேல் தாவியது; பாரதியின் சுதந்திரப் பள்ளில் வரும் பரங்கி, ஆங்கிலேயன்தான்.

‘அவுட்லேண்டர்’ சீரிஸ் பார்த்தவங்களுக்கு ‘சாஸனாக்’ என்கிற ஸ்காட்லாந்துச் சொல் ஞாபகம் இருக்கும். கேலிக் மொழியில அதுக்குச் ‘சாக்சன்’னு பொருள். சாக்சன்களும் பிராங்குகள் மாதிரி ஒரு ஜெர்மானியப் பழங்குடிதான். ஸ்காட்லாந்தின் கேலிக் மக்கள் அந்தப் பேரை இங்கிலாந்துக்காரங்க எல்லார் மேலயும் ஒட்டினாங்க. இந்தப் பக்கம் பிராங்க் பரங்கியானான், அந்தப் பக்கம் சாக்சன் சாஸனாக் ஆனான். சீரிஸ்ல ஜேமி முதல்ல அந்நியப் பொண்ணுன்னு அந்தப் பேரால கிளேரைக் கூப்பிடுறான். போகப் போக அதுவே செல்லப் பேர் ஆயிடுது. சொல் மாறல. கூப்பிடுறவனுக்கும் கூப்பிடப்படுறவளுக்கும் நடுவுல இருந்த தூரம் மாறிச்சு.

பரங்கி விஷயத்துலயும் அதான். காய் நம்ம அடுக்களைக்கு வந்தது, பூ கோலத்துக்கு வந்தது, வேர் மருந்துப் பெட்டிக்கு வந்தது. சிலநூறு வருஷத்துல அதெல்லாம் ‘நாட்டு’ச் சரக்கு ஆயிடுச்சு. யாரும் அதுங்ககிட்ட பூர்வீகம் கேட்கல. அதே கப்பல்ல வந்தவங்களோட வாரிசுகளும், அவங்ககிட்ட ஞானஸ்நானம் வாங்கின உள்ளூர் மீனவர்களும் தலைமுறை தலைமுறையா இங்கயே பொறந்து இங்கயே செத்தும், ‘நீ எங்கிருந்து வந்தே’ என்கிற கேள்வியில இருந்து தப்பிக்க முடியல. காய்க்குக் கொடுத்த குடியுரிமையை ஆளுக்குக் கொடுக்க நமக்கு மனசு வரல. இன்னிக்கு வேற வேற சொற்களை வெச்சு அதே கேள்வியைக் கேட்டுக்கிட்டிருக்கோம்.

இந்த எபிசோடு இவ்வளவுதான். உங்க வீட்டுல இந்தக் காய்க்கு என்ன பேர்? பரங்கியா, மஞ்சள் பூசணியா, அரசாணியா? ஊர் பேரையும் சேர்த்து வாய்ஸ் நோட் அனுப்புங்க. வந்ததை வெச்சு ஒரு மேப் போட்டு அடுத்த எபிசோடுல பேசலாம்.